வீட்டை விற்றாலும் எரிசக்தி டாக்ஸ் கிரெடிட் உங்களுடையதுதான்

அமெரிக்காவில் வீட்டுக்கு ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிரவைக்கவும் செய்யும் கருவி) போட்டு, ஜன்னல்களை மாற்றி, கூரையில் சோலார் ஏற்றிய கையோடு வேலை வேறு மாநிலத்துக்கு மாறிவிடுகிறது. வீட்டை விற்றாகிவிட்டது. வரிக் கணக்கு தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் சந்தேகம் எழுகிறது: இப்போது என் பெயரில் இல்லாத வீட்டுக்கு நான் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்து கழியும் தொகை, கேட்கலாமா?

கேட்கலாம். சட்டம் பார்ப்பது, பொருத்தும் வேலை எந்தத் தேதியில் முடிந்தது, அன்று அந்த வீட்டில் நீங்கள் குடியிருந்தீர்களா, செலவு உங்களுடையதா என்பதைத்தான். டிசம்பர் 31 அன்று வீடு யார் பெயரில் இருந்தது என்று இந்தக் கிரெடிட்டுக்கான படிவமான ஃபார்ம் 5695 கேட்பதில்லை. மே மாதம் ஹீட் பம்ப் போட்டு செப்டம்பரில் விற்றவருக்கும், மே மாதம் போட்டு இன்றும் அங்கேயே குடியிருப்பவருக்கும் கிரெடிட் ஒன்றுதான். விற்றதற்காக அதைத் திருப்பிக் கட்டச் சொல்லும் விதி, இந்தக் கிரெடிட்டுகளைத் தரும் வரிச் சட்டப் பிரிவுகளான 25சி-யிலும் இல்லை, 25டி-யிலும் இல்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் கேட்காமல் விடுகிறார்கள்? பயம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. வணிகக் கட்டடங்களுக்கான சோலார் கிரெடிட்டில், ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த விதி குடியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. 2008-ல் முதல் வீடு வாங்கியவர்களுக்குக் கொடுத்த 7,500 டாலர் கிரெடிட்டை 15 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நினைவு இன்னும் பலருக்கு இருக்கிறது. மூன்றாவது, ஃபார்ம் 5695-லேயே உள்ள ஒரு கேள்வி: பொருத்திய பாகங்கள் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது பயன்பாட்டில் இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாமா? இதைப் படித்ததும், ‘நான் ஐந்து வருஷம் இருக்கவில்லையே’ என்று ‘இல்லை’ கட்டத்தைத் தொட்டுவிடுகிறார்கள், கிரெடிட் அங்கேயே போய்விடுகிறது. கேள்வி பாகத்தின் ஆயுளைப் பற்றியது. ஜன்னல் வீட்டோடு இருக்கும். நீங்கள் இருக்கிறீர்களா என்பது அங்கே கேட்கப்படவே இல்லை. பதில் ‘ஆம்’.

இரண்டு கிரெடிட்டையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 25சி என்பது வீட்டைத் திறன்படுத்தும் வேலைகளுக்கு: ஜன்னல், வெளிக்கதவு, இன்சுலேஷன், காற்றுக் கசிவு அடைப்பு, ஏசி, ஃபர்னஸ், ஹீட் பம்ப், வாட்டர் ஹீட்டர், எனர்ஜி ஆடிட். 2023 முதல் 2025 வரை செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு 1,200 டாலர் உச்சவரம்பு. ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், பயோமாஸ் அடுப்பு இவற்றுக்குத் தனியாக 2,000. வரியைக் கழித்தபின் கிரெடிட்டில் மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டுக்குப் போகாது, வீண்தான். 25டி என்பது சோலார் பேனல், சோலார் வாட்டர் ஹீட்டர், ஜியோதெர்மல், சிறிய காற்றாலை, 3 கிலோவாட் மணியும் அதற்கு மேலும் திறனுள்ள பேட்டரி இவற்றுக்கு. அதே 30 சதவீதம். சோலாருக்கும் பேட்டரிக்கும் உச்சவரம்பு கிடையாது, மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டத்தின்படி இரண்டும் 2025 டிசம்பர் 31-க்குள் பொருத்தி முடித்த வேலைகளோடு நின்றுவிட்டன. ஆகவே இப்போது நம் கையில் இருப்பது 2023, 2024, 2025 ஆண்டுகளின் கணக்குதான். அதில் விட்டதை இன்னும் பிடிக்கலாம்.

குளோசிங் தேதிக்கு அருகில் நடக்கும் வேலைகள்

குளோசிங் என்பது விற்பனை முடிந்து வீடு கைமாறும் நாள். பணம் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். வாங்குகிறவரின் இன்ஸ்பெக்ஷனில் ஏசி பழசு என்று வருகிறது. விற்கிறவர் மாற்றித் தருவதாக ஒப்புக்கொள்கிறார். 2025 வரை நடந்த இப்படிப்பட்ட வேலை மூன்று விதமாக முடிந்திருக்கலாம்.

விற்கிறவர் குடியிருக்கும்போதே தகுதியுள்ள ஹீட் பம்ப்பைப் போட்டு, குளோசிங்குக்கு முன் வேலை முடிந்துவிட்டால் கிரெடிட் விற்கிறவருக்கு. மாற்றுவதற்குப் பதிலாக, குளோசிங்கில் 8,000 டாலர் குறைத்துக் கொடுத்து ‘நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால், விற்கிறவருக்கு எதுவும் இல்லை. அவருக்கு அது விலைக் குறைப்பு மட்டுமே. வாங்கியவர் தன் பணத்தில் போட்டால் அவர் கேட்கலாம். மூன்றாவதுதான் இருவருக்கும் நஷ்டம்: விற்கிறவர் கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கட்டிவிட்டார், உதிரிபாகம் வரத் தாமதமாகி, குளோசிங் முடிந்த பிறகு வேலை முடிகிறது. வேலை முடிந்த நாளில் அது விற்றவரின் வீடு இல்லை; வாங்கியவரோ செலவே செய்யவில்லை. பணம் கட்டிய தேதி இங்கே உதவாது. அதனால் வேலை குளோசிங்குக்கு முன்னதாக முடிந்ததா, அதைக் காட்டும் தேதியிட்ட இறுதி இன்வாய்ஸ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலி செய்த வீடு இன்னொரு சிக்கல். ஆகஸ்டில் புது ஊருக்குப் போயாகிவிட்டது, பழைய வீடு விற்பனைக்குக் காலியாக நிற்கிறது, அக்டோபரில் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஜன்னல் மாற்றுகிறார்கள். ஜன்னல், கதவு, இன்சுலேஷன் மூன்றுக்கும் அது உங்கள் முதன்மை வீடாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒரு முதன்மை வீடுதான். அக்டோபரில் அது புது ஊரில் இருக்கிறது. ஆகவே கிரெடிட் கிடையாது. ஹீட் பம்ப்புக்கும் சோலாருக்கும் முதன்மை வீடு என்ற நிபந்தனை இல்லை, நீங்கள் குடியிருக்கப் பயன்படுத்தும் வீடாக இருந்தால் போதும். ஆனால் தட்டுமுட்டுச் சாமான் வரை எடுத்துக்கொண்டு போன வீட்டைக் குடியிருப்பு என்று காட்டுவது கடினம்; அப்படிப்பட்ட நிலையில் கேட்காமல் இருப்பதே சரி என்பது எங்கள் கருத்து. கணவர் புது வேலைக்கு முன்னே போய், பள்ளி முடியும்வரை மனைவியும் பிள்ளைகளும் பழைய வீட்டிலேயே இருப்பது வேறு கதை. அங்கே குடும்பம் குடியிருக்கிறது.

வாடகைக்கு மட்டும் விட்டிருந்த வீடு இந்தக் கணக்கில் வராது. வாங்கி, புதுப்பித்து, ஒரு நாளும் குடியிருக்காமல் விற்ற வீடும் அப்படியே.

ஒரே ஆண்டில் பழைய வீட்டில் ஜன்னல், புதிய வீட்டில் இன்சுலேஷன் என்று இரண்டும் செய்தால், இரண்டு செலவையும் சேர்க்கலாம். ஆனால் 1,200 என்ற வரம்பு உங்களுக்கு, வீட்டுக்கு அல்ல. இரண்டு வீடு என்பதால் 2,400 ஆகாது.

கணக்கு எப்படி ஓடுகிறது

2024-ல் குடியிருந்த வீட்டில் மூன்று வேலைகள் செய்து, அதே ஆண்டு விற்றதாக வைத்துக்கொள்வோம். ஹீட் பம்ப், கூலியும் சேர்த்து 14,000 டாலர். மின் நிறுவனம் 1,000 ரிபேட் (செலவில் திருப்பித் தரும் தொகை) கொடுத்தது. ஜன்னல்கள் 6,500, அதில் கூலி 1,500. அட்டிக் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) இன்சுலேஷன் 2,500, அதில் கூலி 700.

ஹீட் பம்ப்புக்குக் கூலியும் கணக்கில் சேரும். மின் நிறுவன ரிபேட்டைக் கழிக்க வேண்டும்: 13,000-ல் 30 சதவீதம் 3,900, வரம்பு 2,000. ஜன்னலுக்குக் கூலி சேராது: 5,000-ல் 30 சதவீதம் 1,500, ஆனால் ஜன்னல்களுக்கு மொத்த வரம்பு 600. இன்சுலேஷனுக்கும் பொருள் செலவு மட்டும்: 1,800-ல் 540. ஜன்னலும் இன்சுலேஷனும் சேர்ந்து 1,140, அது 1,200-க்குள் அடங்குகிறது. ஆக மொத்தம் 3,140 டாலர்.

கூலியைப் பிரிக்காமல் ஒரே தொகையாக எழுதிய இன்வாய்ஸ்தான் ஜன்னல் வேலையில் அடிக்கடி தொல்லை தருவது. வீட்டை விற்ற பிறகும் கான்ட்ராக்டரிடம் பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லலாம். பழைய வேலை எண்ணைச் சொன்னால் அவர்கள் கணினியிலேயே இருக்கும். கதவுக்கு ஒன்றுக்கு 250, மொத்தம் 500 என்று தனி வரம்பு. எனர்ஜி ஆடிட்டுக்கு 150. ஏசி, கேஸ் ஃபர்னஸ், கேஸ் வாட்டர் ஹீட்டர், 200 ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள புது மின் பேனல் ஒவ்வொன்றுக்கும் 600. பேனல் தனியாகத் தகுதி பெறாது, தகுதியுள்ள வேறு வேலையோடு சேர்ந்து அதற்காகப் போடப்பட்டிருக்க வேண்டும்.

லோனில் வாங்கியிருந்தாலும் முழு விலைக்கும் கிரெடிட் உண்டு. வட்டி சேராது. குளோசிங்கில் விற்பனைப் பணத்திலிருந்து சோலார் லோனை அடைத்துவிட்டாலும் கிரெடிட் அப்படியே இருக்கும்.

அடுத்தது வீட்டின் அடக்க விலை, அதாவது விற்ற லாபத்தைக் கணக்கிட விற்பனைத் தொகையிலிருந்து கழிக்கும் விலை. வீட்டை விற்றவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இது. மேம்பாட்டுச் செலவு அடக்க விலையைக் கூட்டும், ஆனால் வாங்கிய கிரெடிட் அளவுக்கு அதைக் குறைக்க வேண்டும். மேலே சொன்ன வீட்டை 3,10,000-க்கு வாங்கியிருந்தால், மேம்பாடு ரிபேட் போக 13,000, 6,500, 2,500 என 22,000. அதிலிருந்து 3,140 போக 18,860. அடக்க விலை 3,28,860 டாலர். கவனியுங்கள், கிரெடிட்டுக்குச் சேராத கூலி இங்கே சேர்கிறது. ஜன்னல் கூலி 1,500-ஐயும் இன்சுலேஷன் கூலி 700-ஐயும் இங்கேயும் விட்டுவிட்டால் அது உங்கள் பணம்தான்.

6,40,000-க்கு விற்று, தரகுக் கமிஷன் முதலான விற்பனைச் செலவு 35,000 போனால் கைக்கு 6,05,000. லாபம் 2,76,140. விற்பனைக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது சொந்தமாக வைத்துக் குடியிருந்தவர்களுக்கு, தனிநபர் என்றால் 2,50,000, இணைந்து தாக்கல் செய்யும் தம்பதி என்றால் 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை. தம்பதிக்கு இங்கே வரியே இல்லை. அடக்க விலையில் 3,140 குறைந்ததால் ஒரு சென்ட்கூட நஷ்டமில்லை. தனிநபருக்கு 26,140 வரிக்குரிய லாபம். 15 சதவீத வகுப்பில் 3,921 டாலர் வரி. அதில் கிரெடிட்டால் அடக்க விலை குறைந்ததன் பங்கு 471 டாலர்தான். 471-க்குப் பயந்து 3,140-ஐ விடுவது சரியான கணக்கல்ல.

விற்ற ஆண்டு கிரெடிட்டுக்கு நல்ல ஆண்டாகவும் அமையலாம். இரண்டு கிரெடிட்டும் வரியைக் குறைப்பவை மட்டுமே. வரி இல்லாதபோது கையில் பணமாக வராது. சோலாரில் 9,000 டாலர் கிரெடிட் கிடைத்து, ஆண்டு வரி 4,000 மட்டுமே இருந்தவர்களுக்கு மீதி 5,000 அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. அடுத்த ஆண்டு வீடு விற்ற லாபத்துக்கு வரி வந்தால், தள்ளிவந்த கிரெடிட் அந்த வரியையும் கழிக்கும். வீடு போய்விட்டாலும் தள்ளிவந்தது போகாது. அதிக வருமானக்காரர்கள் முதலீட்டு வருமானத்தின் மேல் கட்டும் 3.8 சதவீதக் கூடுதல் வரியையும், சுயதொழில் வரியையும் மட்டும் இவை தொடாது. ஃபார்மில் 25சி முதலில் கழிக்கப்பட்டு, பிறகுதான் 25டி வருகிறது; வீணாகக்கூடியது முதலில் தீர்ந்துவிடுவதால் இந்த வரிசை நமக்குச் சாதகம்.

தள்ளிவந்த தொகை தொலைவது பெரும்பாலும் மென்பொருளை மாற்றும்போது. சென்ற ஆண்டு ஃபார்ம் 5695-ன் 16-ஆம் வரியில் உள்ள எண், இந்த ஆண்டு 12-ஆம் வரியில் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். புது மென்பொருளுக்கு அது தானாகத் தெரியாது. முடிவில் 25டி தொகை, ஆண்டு வரிக் கணக்குப் படிவமான 1040-ன் இணைப்பு ஷெட்யூல் 3-ன் 5ஏ வரியிலும் 25சி தொகை 5பி வரியிலும் உட்கார வேண்டும். ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் எடுக்கும் நிலையான கழிவு) எடுப்பவர்களுக்கும் இது உண்டு.

ஃபார்ம் 5695-ல் முகவரி கேட்கும் இடத்தில் வேலை நடந்த பழைய வீட்டு முகவரியை எழுத வேண்டும். 1040-ன் தலைப்பில் இப்போதைய முகவரி இருக்கும். இரண்டும் வேறாக இருப்பதில் தவறில்லை. மென்பொருள் புதிய முகவரியைத் தானாக நிரப்பியிருந்தால் திருத்துங்கள்.

சாவி கொடுப்பதற்கு முன்

வீட்டோடு போய்விடும் காகிதங்கள்தான் பின்னால் தேடவைப்பவை. ஹீட் பம்ப்பின் வெளி யூனிட், உள் யூனிட் இரண்டின் தகட்டையும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அந்த மாடல் ஜோடிக்கான ஏ.எச்.ஆர்.ஐ. (இத்தகைய கருவிகளுக்குச் சான்று தரும் தொழில் அமைப்பு) சான்றிதழ் எண் இன்வாய்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஹீட் பம்ப் எல்லாமே தகுதி பெறாது, வெளி யூனிட்டோடு எந்த உள் யூனிட் இணைந்தது என்பதைப் பொறுத்தே தகுதி. அதனால் ஒரு தகடு மட்டும் போதாது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்து எறிந்திருந்தால், ஆர்டர் ரசீதில் உள்ள தொடர் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் சான்று அறிக்கையைத் தேடலாம். 2025-ல் பொருத்திய ஜன்னல், கதவு, ஏசி, ஹீட் பம்ப், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் நான்கு இடக் குறியீடும் ஃபார்மில் வேண்டும். இன்சுலேஷனுக்கு வேண்டாம். இந்தச் சான்றுகளை வரிக் கணக்கோடு அனுப்பத் தேவையில்லை, கேட்டால் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே விற்றாகிவிட்டதா? நகராட்சியின் பெர்மிட் பதிவில் இறுதி ஆய்வுத் தேதி இருக்கும், வேலை எப்போது முடிந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ரிபேட்டுக்கு விண்ணப்பித்தபோது மின் நிறுவனத்துக்கு அனுப்பிய நகலில் மாடல் எண் கிடைக்கும். வாங்கியவரோடு நல்ல உறவு இருந்தால் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம்.

வாங்குகிறவரிடம் ஒன்றை மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்: ‘சோலார் கிரெடிட் உங்களுக்கு வரும்’ என்று. பயன்படுத்திய சோலாரோடு வீட்டை வாங்கியவருக்குக் கிரெடிட் இல்லை, நீங்கள் கேட்காமல் விட்டிருந்தாலும் இல்லை. லீஸில் இருந்த பேனல் என்றால் கிரெடிட் ஆரம்பத்திலிருந்தே நிறுவனத்துடையது, உங்களுடையது அல்ல.

கேட்காமல் தாக்கல் செய்திருந்தால்

1040-எக்ஸ் திருத்தக் கணக்குக்கு, தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் அல்லது வரி கட்டியதிலிருந்து இரண்டு ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம். கெடுவுக்கு முன்பே தாக்கல் செய்தாலும் கெடுத் தேதியில் செய்ததாகவே கணக்கு. ஆக 2023 ஆண்டுக்கு 2027 ஏப்ரல் 15, 2024 ஆண்டுக்கு 2028 ஏப்ரல் 15, 2025 ஆண்டுக்கு 2029 ஏப்ரல் 15 என்று நினைவில் வையுங்கள்.

வேலை முடிந்த ஆண்டைத்தான் திருத்த வேண்டும். 2023-ல் போட்ட சோலாரை 2024 கணக்கில் முதல்முறையாகக் காட்ட முடியாது. முதலில் 2023-ஐத் திருத்தி, மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டு, பிறகு அந்த மிச்சத்தை எடுக்க 2024-ஐத் திருத்த வேண்டும். வரிசை மாறினால் ஃபார்ம் 5695-ன் 12-ஆம் வரியில் உள்ள எண்ணுக்கு ஆதாரமே இருக்காது.

விற்பனைக் கணக்கையும் அதே நேரம் பாருங்கள். பழைய ஆண்டுக்கு இப்போது கிரெடிட் வாங்கினால், வீட்டின் அடக்க விலை குறைகிறது. விற்ற லாபம் வரிவிலக்கு வரம்புக்குள் இருந்தால் ஒன்றும் மாறாது. வரம்பைத் தாண்டியிருந்தால் விற்ற ஆண்டில் விற்பனை லாபத்தைக் காட்டும் ஃபார்ம் 8949-ஐயும் திருத்தி, அந்தக் கொஞ்ச வரியைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருத்துவது சரியல்ல. மேம்பாட்டு ரசீதுகளை, விற்ற ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்து மூன்று ஆண்டுகள் ஆகும்வரையாவது வைத்திருக்க வேண்டும்.

வீட்டை விற்று சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. வேலை நடந்த ஆண்டில் நீங்கள் அமெரிக்காவில் வரிக் குடியிருப்பாளராக இருந்து 1040 தாக்கல் செய்திருந்தால், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது அந்த ஆண்டின் கிரெடிட்டைப் பாதிக்காது. எச்1பி-யில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பணம் வந்துசேர வழி வேண்டும்: மின்வழியில் அனுப்பும் 1040-எக்ஸுக்கு வங்கிக் கணக்கிலேயே ரீஃபண்ட் கேட்கலாம், அதற்காக அமெரிக்க வங்கிக் கணக்கு ஒன்றை மூடாமல் வைத்திருங்கள். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-ஸின் கடிதங்கள் விற்ற வீட்டுக்குப் போகாமல் இருக்க ஃபார்ம் 8822-ல் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். திருத்தக் கணக்கைப் பரிசீலிக்க 8 முதல் 12 வாரம், சில சமயம் 16 வாரம்வரை ஆகும்.

இன்னும் விற்காமல், ஊர் திரும்பிய பிறகு விற்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்: விற்கும் நாளில் நீங்கள் வரிக் குடியிருப்பாளர் இல்லையென்றால், விற்பனைத் தொகையில் பொதுவாக 15 சதவீதத்தை வாங்குகிறவர் பிடித்து ஐ.ஆர்.எஸ்.-க்குக் கட்ட வேண்டும். பிடித்ததில் உரிய வரி போக மிச்சம், பொதுவாக அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் திரும்பும். அந்தக் கணக்கில் லாபத்தைக் காட்டும்போது அடக்க விலையில் மேம்பாட்டைக் கூட்டி, வாங்கிய கிரெடிட்டைக் கழித்தே எழுத வேண்டும். அதற்கான இன்வாய்ஸ்களை விமானம் ஏறும் முன் ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.